ஓர் ஏக்கர், ஒன்றரை ஏக்கர் வீட்டுக்கு வணிகத் தர ஸீரோ டர்ன் புல்வெட்டி தேவையா? வாங்குமுன் செய்ய வேண்டிய கணக்குகள்

அமெரிக்காவில் நகரை ஒட்டிய சிறிய மனைகளில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, ஜார்ஜியா, வட கரோலினா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் ஓர் ஏக்கர், ஒன்றரை ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கிக் குடியேறும் தமிழ்க் குடும்பங்கள் இன்று பல உண்டு. வீடு கைக்கு வந்த முதல் வசந்த காலத்திலேயே புல் மளமளவென்று வளரத் தொடங்கிவிடும். கையால் தள்ளிக்கொண்டு போகும் இயந்திரத்தால் அவ்வளவு இடத்தையும் வாரந்தோறும் வெட்டி முடியாது என்பதும் விரைவிலேயே புரிந்துவிடும். அப்போது பக்கத்து வீட்டுக்காரரோ கடைக்காரரோ சொல்லும் ஆலோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "வாங்குவதுதான் வாங்குகிறீர்கள், வணிகத் தரத்திலேயே ஒன்றை வாங்கிவிடுங்கள், ஆயுளுக்கும் போதும்."

இந்த ஆலோசனை சிலருக்கு முற்றிலும் பொருந்தும், பலருக்குப் பொருந்தாது. எந்தப் பக்கம் நீங்கள் நிற்கிறீர்கள் என்பதை நிலத்தின் பரப்பும் எஞ்சினின் குதிரைத்திறனும் தீர்மானிப்பதில்லை. ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் அந்த இயந்திரம் ஓடப்போகிறது, உங்கள் நிலம் எவ்வளவு சரிவானது, பழுது பார்க்கும் டீலர் எவ்வளவு அருகில் இருக்கிறார் என்ற மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. கீழே உள்ள படிகள் இந்த மூன்றையும் கண்டறியவே.

வணிகத் தரம் என்பது புல்வெட்டும் தொழில் செய்பவர்கள் நாள் முழுக்க ஓட்டுவதற்காகக் கட்டப்பட்ட இயந்திரங்களைக் குறிக்கிறது. ஸ்காக், எக்ஸ்மார்க், ஹஸ்லர், கிரேவ்லி, ஃபெர்ரிஸ் ஆகிய பெயர்களை அத்தொழிலாளர்களின் டிரெய்லர்களில் பார்த்திருப்பீர்கள். ஜான் டியர், டோரோ, ஹஸ்க்வர்னா போன்ற நிறுவனங்கள் வீட்டுத் தரம், வணிகத் தரம் இரண்டையும் ஒரே வண்ணத்தில் விற்கின்றன என்பதால் வண்ணத்தையும் பெயரையும் மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய இயலாது. இவற்றுள் பெரும்பாலானவை ஸீரோ டர்ன் வகை. பின்சக்கரங்கள் இரண்டுக்கும் தனித்தனி ஹைட்ராலிக் விசை, அவற்றை இயக்க இரண்டு நெம்புகோல்கள், முன்னால் தானாகச் சுழலும் சிறு சக்கரங்கள் என்பது இதன் அமைப்பு. இரட்டை மாட்டு வண்டியில் எந்தப் பக்கக் கயிற்றை இழுக்கிறோமோ அந்தப் பக்கம் வண்டி திரும்புவதைப் போல, வலது நெம்புகோலைப் பின்னால் இழுத்தால் இயந்திரம் வலப்புறம் திரும்பும். ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னும் தள்ளினால் நின்ற இடத்திலேயே சுழலும். இந்த வடிவம் 1960களில் கான்சஸ் மாநிலத்தின் ஹெஸ்டன் என்ற சிற்றூரில் தொழில் முறையில் தயாரிக்கப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவியது.

முதல் படி: மனையை விடுத்துப் புல்லை அளவிடுங்கள்

பத்திரத்தில் ஒன்றரை ஏக்கர் என்று இருக்கலாம். ஆனால் நீங்கள் வெட்டப்போவது ஒன்றரை ஏக்கர் அன்று. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. நம் ஊர்க் கணக்கில் 100 சென்ட். ஒன்றரை ஏக்கர் மனை என்றால் 65,340 சதுர அடி. அதில் வீடு 3,000, கார் வரும் பாதை 2,500, பின்னால் மரங்கள் அடர்ந்த பகுதி 17,000, பூச்செடிப் பாத்திகளும் மரத்தடி வட்டங்களும் 2,500 சதுர அடி என்று கழித்துப் பாருங்கள். மிஞ்சுவது ஏறக்குறைய 40,000 சதுர அடி, அதாவது ஓர் ஏக்கருக்கும் குறைவு. கவுண்டி அலுவலகங்கள் பெரும்பாலும் இணையத்தில் தரும் மனை வரைபடத்திலோ கூகுள் எர்த்திலோ புல்தரையின் ஓரங்களைச் சுற்றிக் கோடு போட்டால் பரப்பு தானாகவே கிடைத்துவிடும். இந்த வேலைக்கு அரை மணி நேரம் போதும். இதைச் செய்யாமல் கடைக்குப் போகிறவர், பத்திரத்தில் உள்ள எண்ணைச் சொல்லித் தேவையைவிட ஒரு தரம் பெரிய இயந்திரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்.

அளக்கும்போதே இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். திறந்த வெளி எவ்வளவு, மரங்களுக்கும் ஊஞ்சலுக்கும் வேலிக்கும் இடையே வளைந்து வளைந்து வெட்ட வேண்டிய இடம் எவ்வளவு? அகலமான டெக்கும் (பிளேடுகளை மூடி நிற்கும் வெட்டும் பகுதி) அதிக வேகமும் திறந்த வெளியில்தான் பயன் தரும். தடைகள் நிறைந்த முற்றத்தில் எந்த இயந்திரமும் மெதுவாகத்தான் போக முடியும்.

இரண்டாம் படி: சரிவை அளவிடுங்கள், இதில் மட்டும் சமரசம் வேண்டாம்

புதிதாக வாங்குவோர் அநேகமாகத் தவறவிடும் படி இதுதான். உயிரோடு தொடர்புடையதும் இதுதான். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஸீரோ டர்ன் இயந்திரத்தில் திசை திருப்புவதும் வேகத்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் பின்சக்கரங்களின் பிடிப்பை மட்டுமே நம்பியிருக்கின்றன. முன்சக்கரங்கள் தாமாகச் சுழல்பவை. அவற்றுக்கு எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. பனி ஈரம் காயாத காலையில் சரிவான இடத்தில் பின்சக்கரம் ஒருமுறை வழுக்கிவிட்டால், நெம்புகோல்களை எப்படி இழுத்தாலும் இயந்திரம் சரிவின் போக்கிலேயே இறங்கிக்கொண்டு போகும். கீழே குளமோ தடுப்புச் சுவரோ பள்ளமோ இருந்தால் அங்கேதான் போய்க் கவிழும். அமரும் வகைப் புல்வெட்டிகளால் நேரும் மரணங்களில் கவிழ்தலுக்கு முக்கியப் பங்கு உண்டு. வணிகத் தர இயந்திரம் 1,000 பவுண்டுக்கும் மேல் எடையுள்ளது. கவிழ்ந்த பின் கையால் தூக்கிவிடக்கூடிய பொருள் அன்று.

அளப்பது எளிது. 4 அடி நீளமுள்ள நேரான பலகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு முனையைச் சரிவின் மேற்பக்கத்தில் தரையில் ஊன்றி, மறுமுனையைத் தாழ்ந்த பக்கமாக நீட்டி, ரசமட்டம் வைத்துப் பலகையைச் சமமாகப் பிடியுங்கள். அந்த மறுமுனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளவு நாடாவால் அளவிடுங்கள். எட்டரை அங்குலம் என்றால் சரிவு சுமார் 10 பாகை. 13 அங்குலத்தை நெருங்கினால் 15 பாகை. பல தயாரிப்பாளர்கள் தங்கள் கையேடுகளில் 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஓட்டக் கூடாது என்கிறார்கள். சில மாடல்களுக்கு வரம்பு 10 பாகைதான். நீங்கள் பார்க்கும் மாடலின் கையேட்டை இணையத்தில் இறக்கி அந்த எண்ணை வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள். அட்லாண்டாவின் வடக்கே மலையடிவாரத்தை ஒட்டிய மனைகளில் வீட்டின் பின்புறம் 15 பாகையைத் தாண்டுவது சாதாரணம். அந்தப் பகுதிக்கு ஸீரோ டர்ன் தீர்வே அன்று, அது எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும். அங்கே, அதன் கையேடு அந்தச் சரிவை அனுமதித்தால், நடந்து தள்ளும் இயந்திரமோ, புல்லுக்குப் பதிலாகப் புதர்ச் செடிகளோதான் சரி.

வணிகத் தர இயந்திரங்களில் ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னால் ஒரு கனமான கவிழ் பாதுகாப்புக் கம்பியும் இருக்கைப் பட்டையும் இருக்கும். வீட்டுத் தரத்தில் இவை பெரும்பாலும் இருப்பதில்லை. கம்பி நிமிர்ந்திருக்கும்போது பட்டையைக் கட்டாயம் அணிய வேண்டும். தாழ்ந்த கிளைக்காகக் கம்பியை மடக்கியிருக்கும்போது பட்டையை அணியக் கூடாது, சரிவின் பக்கமும் போகக் கூடாது. நிலம் ஓரளவு சரிவாக இருந்தும் வரம்புக்குள் அடங்குகிறது என்றால், வணிகத் தரத்தைத் தேர்ந்தெடுக்க இந்தக் கம்பி ஒன்றே எனக்குப் போதுமான காரணமாகப் படுகிறது.

மூன்றாம் படி: ஏக்கரை மணிக்கணக்காக மாற்றுங்கள்

டெக்கின் அகலத்தை அங்குலத்திலும் ஓட்டும் வேகத்தை மணிக்கு மைல் கணக்கிலும் எடுத்து, இரண்டையும் பெருக்கி 99ஆல் வகுத்தால், ஒரு மணி நேரத்தில் எத்தனை ஏக்கர் வெட்டலாம் என்பது கிடைக்கும். ஒன்றன்மேல் ஒன்று படியும் வரிசைகளுக்கும் திரும்பும் நேரத்துக்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். 42 அங்குல வீட்டுத் தர இயந்திரம் மணிக்கு 5 மைல் வேகத்தில் போனால் சுமார் 1.7 ஏக்கர். 60 அங்குல வணிகத் தர இயந்திரம் 8 மைல் வேகத்தில் போனால் சுமார் 3.9 ஏக்கர்.

மேலே சொன்ன 40,000 சதுர அடிப் புல்தரைக்கு முதலாவது 35 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவும் இரண்டாவது கால் மணி நேரமும் எடுக்கும் என்று கணக்கு சொல்லும். மரங்களைச் சுற்றுவதையும் நின்று நின்று போவதையும் சேர்த்தால் நடைமுறையில் 45 நிமிடமும் 25 நிமிடமும் என்று வைத்துக்கொள்ளலாம். தெற்கு மாநிலங்களில் ஆண்டுக்கு 30 முறை வெட்டுகிறீர்கள் என்றால் வீட்டுத் தர இயந்திரம் ஆண்டுக்கு 22 மணி நேரம் ஓடும். பெரியது 12 அல்லது 13 மணி நேரம். வித்தியாசம் பத்து மணி நேரம். அந்தப் பத்து மணி நேரத்துக்காக எத்தனை ஆயிரம் டாலர் கூடுதலாகக் கொடுக்கத் தயார் என்பதே உங்கள் முன் உள்ள உண்மையான கேள்வி.

இன்னொரு பக்கமும் பாருங்கள். தொழில்முறையில் வெட்டுகிறவர் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள், 30 வாரம் ஓட்டினால் ஆண்டுக்கு 750 மணி நேரம் ஆகிறது. அவருக்காகக் கட்டப்பட்ட எஞ்சின் நல்ல பராமரிப்பில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்று வைத்தால், அவருக்கு அது மூன்று ஆண்டுக்குள் தீர்ந்துவிடும். ஆண்டுக்கு 22 மணி நேரம் ஓட்டுகிற உங்களுக்கு அதே எஞ்சின் 90 ஆண்டு வரும். ஆனால் வராது, ஏனென்றால் ரப்பர் குழாய்கள், பெல்ட்டுகள், ஆயில் சீல்கள், டயர்கள், பேட்டரி, கார்புரேட்டர் ஆகிய எவையும் மணிக்கணக்கைப் பார்த்துக் கெடுவதில்லை, வயதைப் பார்த்துக் கெடுகின்றன. "ஆயுளுக்கும் போதும்" என்ற வாக்கு இங்கேதான் நிற்காமல் போகிறது. நீங்கள் வாங்கும் கூடுதல் உழைப்பைப் பயன்படுத்தித் தீர்க்க உங்களிடம் அவ்வளவு புல் இல்லை.

என் கணிப்பில், ஆண்டுக்கு 40 மணி நேரத்துக்குக் கீழ் என்றால் வீட்டுத் தரத்தின் மேல்நிலையோ இடைத்தரமோ தாராளமாகப் போதும். 40 முதல் 80 வரை இடைத்தரம் பொருத்தமானது. 80க்கு மேல் போனால் வணிகத் தரம் தன் விலைக்கு உழைக்கும். 3 அல்லது 4 ஏக்கர் புல்லை உண்மையாகவே வெட்டுகிறவர்கள், பெற்றோர் வீட்டையும் கோயில் வளாகத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறவர்கள், கரடுமுரடான மேய்ச்சல் நிலத்தை வெட்டுகிறவர்கள் இதில் வருவார்கள்.

நான்காம் படி: கூடுதல் விலை எதற்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள்

ஸ்டியரிங் பிடித்து ஓட்டும் சாதாரண லான் டிராக்டர் ஏறக்குறைய 2,000 முதல் 3,500 டாலருக்குக் கிடைக்கிறது. வீட்டுத் தர ஸீரோ டர்ன் 3,000 முதல் 5,000, இடைத்தரம் 5,500 முதல் 8,000, முழு வணிகத் தரம் 9,000 தொடங்கி 15,000 டாலருக்கும் மேல். இந்த இடைவெளியில் விளம்பரமும் உண்டு, இரும்பும் உண்டு. இரும்பு எவ்வளவு என்பதைக் கடையில் குனிந்து பார்த்தே அறிந்துகொள்ளலாம்.

டெக்கிலிருந்து தொடங்குங்கள். ஒரே தகட்டை அச்சில் அழுத்தி வளைத்த டெக்கின் ஓரங்கள் வழவழப்பாக வளைந்திருக்கும். தனித்தனித் தகடுகளை வெட்டிப் பற்றவைத்த டெக்கில் மூலைகள் கூராகவும் வெல்டிங் தடங்கள் வெளியே தெரிவதாகவும் இருக்கும். தகட்டின் கனத்தைக் கேஜ் எண்ணில் சொல்வார்கள். எண் குறையக் குறைய கனம் கூடும். 12 கேஜ் என்பது சுமார் 2.7 மில்லிமீட்டர், 10 கேஜ் 3.4, 7 கேஜ் 4.5. மரவேர்களும் கற்களும் அடிக்கடி இடிக்கும் நிலத்தில் 7 கேஜ் டெக் தேவைப்படலாம். சீரான புறநகர்ப் புல்தரைக்கு அது வெறும் எடைதான்.

அடுத்து, பிளேடு சுழலும் அச்சுகளான ஸ்பிண்டில்கள். டெக்கின் மேலே பெல்ட் மூடியைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். கனமான வார்ப்பில் கிரீஸ் நிப்பிளோடு இருப்பவை தொழிலுக்குக் கட்டப்பட்டவை. மெல்லிய அலுமினிய உறையில் அடைக்கப்பட்ட பேரிங்குகளோடு இருப்பவை வீட்டுக்குப் போதுமானவை. தேய்ந்தால் முழுதாக மாற்ற வேண்டும். அடைத்த பேரிங்குகளைப் பயன்படுத்தும் நல்ல வணிகத் தர இயந்திரங்களும் உண்டு என்பதால் இதை ஒரு குறிப்பாக மட்டும் கொள்ளுங்கள்.

உண்மையான வேறுபாடு ஒளிந்திருப்பது பின்சக்கரங்களை ஓட்டும் ஹைட்ராலிக் அமைப்புகளான ஹைட்ரோக்களில். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இவற்றை இல்லினாய் மாநிலத்தின் ஹைட்ரோ-கியர் நிறுவனத்திடமிருந்து வாங்குகிறார்கள். விலை குறைந்த இயந்திரங்களில் வரும் ஈ.இசட்.டி. வகையில் எண்ணெய் மாற்றுவதற்கோ ஃபில்டர் மாற்றுவதற்கோ வழி செய்திருக்க மாட்டார்கள். பழுதானால் மொத்தமாக மாற்றுவதுதான் வழக்கம். இசட்.டி. 2800 முதல் 3100, 3400 என்று மேலே போகப் போக வெளியில் ஃபில்டர் தெரியும், குறித்த மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றலாம், பாரத்தையும் சரிவையும் கூடத் தாங்கும். கடையில் இயந்திரத்தின் பின்னால் மண்டியிட்டு, சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் ஃபில்டர் தெரிகிறதா என்று பாருங்கள். விற்பனையாளர் சொல்லும் குதிரைத்திறன் எண்ணைவிட அந்த ஒரு பார்வை அதிகம் சொல்லும்.

எஞ்சினும் அப்படியே. கவாசாகி என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. எஃப்ஆர் வரிசை வீட்டுக்கு, எஃப்எக்ஸ் வரிசை தொழிலுக்கு, எஃப்எஸ் இடையில். எஃப்எக்ஸ் வரிசையில் காற்று ஃபில்டர் பெரிய உருளை வடிவ உறையில் இருக்கும். புழுதியில் நாள் முழுக்க ஓடுவதற்காக அமைத்தது அது. கோலர், பிரிக்ஸ் அண்ட் ஸ்டிராட்டன் எஞ்சின்களிலும் இதேபோல் அடுக்குகள் உண்டு. கமாண்ட் புரோ, வான்கார்டு ஆகியவை அவற்றின் தொழில் வரிசைகள்.

வெட்டின் நேர்த்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வணிகத் தரம் வேகமாக வெட்டுவதற்குக் காரணம் அதன் டெக் ஆழமாக இருப்பதும், உள்ளே எழும் காற்று புல்லை நிமிர்த்திப் பிடிப்பதும், பிளேடின் முனை வேகம் நிமிடத்துக்கு 18,000 அடிக்கு மேல் இருப்பதும்தான். மணிக்கு 200 மைலுக்கும் மேற்பட்ட வேகம் அது. ஆனால் மெதுவாகப் போகத் தயாராக இருப்பவருக்குக் கூர்மையான பிளேடு பூட்டிய வீட்டுத் தர இயந்திரமும் கிட்டத்தட்ட அதே வெட்டைத் தரும். மழுங்கிய பிளேடு பூட்டிய வணிக இயந்திரம் புல் நுனியைக் கிழித்து, இரண்டு நாளில் தரை முழுவதையும் பழுப்பாக்கிவிடும்.

ஐந்தாம் படி: வீட்டுக்குள் வருமா, மண் தாங்குமா

வேலிக் கேட்டின் அகலத்தை அளவிடுங்கள். 36 அங்குலக் கேட்டும் 48 அங்குலக் கேட்டும்தான் அதிகம். 60 அங்குல டெக், புல் வெளியேறும் மூடியோடு சேர்த்து 6 அடிக்கு மேல் வரும். கேட்டை மாற்றாமல் பின்புறம் போகவே முடியாது. கராஜில் இரண்டு கார்களோடு இது நிற்க இடமில்லை என்றால் தனிக் கொட்டகை தேவைப்படும். குடியிருப்புச் சங்கம் கொட்டகைக்கு அனுமதி தருமா என்பதையும் முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும். இச்செலவுகளை இயந்திரத்தின் விலையோடு சேர்த்தே எண்ணுங்கள்.

எடையைப் பற்றிப் பலரும் பேசுவதில்லை. வீட்டுத் தர ஸீரோ டர்ன் 500 முதல் 700 பவுண்டு. வணிகத் தரம் 1,000 முதல் 1,400 பவுண்டு. ஜார்ஜியாவின் செம்மண் களிமண், மழை பெய்து இரண்டு நாளானாலும் உள்ளே ஈரமாக இருக்கும். அதன்மேல் வாராவாரம் ஒரே தடத்தில் அரை டன்னுக்கு மேற்பட்ட எடை போனால் மண் இறுகி, சக்கரத் தடங்கள் பள்ளமாகப் பதிந்து, வேருக்குக் காற்று போகாது. திரும்பும்போது உட்புறச் சக்கரத்தை நிலையாக நிறுத்திவிட்டு அதன்மேல் சுழன்றால் அந்த இடத்தில் புல் வட்டமாகப் பிய்ந்துவரும். முன்னும் பின்னும் சற்று நகர்ந்து மூன்று அசைவில் திரும்பப் பழகினால் இதைத் தவிர்க்கலாம். கொடியாகப் படரும் பெர்முடா புல் பிய்ந்த இடத்தைத் தானே மூடிக்கொள்ளும். கொத்தாக வளரும் டால் ஃபெஸ்கியூ மூடாது, இலையுதிர் காலத்தில் விதை தூவ வேண்டியிருக்கும்.

ஆறாம் படி: இயந்திரத்துக்கு முன் டீலரைத் தேர்ந்தெடுங்கள்

வீட்டுத் தர இயந்திரங்களைப் பெருங்கடைகளில் வாங்கலாம். வணிகத் தரம் பெரும்பாலும் தனி டீலர்களிடம்தான். பெல்ட் அறுந்தாலோ ஹைட்ரோ பலவீனமானாலோ 1,200 பவுண்டு இயந்திரத்தைக் காரின் டிக்கியில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. டிரெய்லர் வேண்டும், அல்லது டீலரே வந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு. அருகில் உள்ள டீலரிடம் சாதாரண வாடிக்கையாளராகப் போய், ஏப்ரல் மாதத்தில் பழுதுக்கு விட்டால் எத்தனை நாளாகும், பெல்ட்டும் பிளேடும் கையிருப்பில் உண்டா, வீட்டுக்கு வந்து எடுத்துச் செல்வார்களா என்று கேளுங்கள். தொழில்முறையில் வெட்டுகிறவர்களின் இயந்திரங்களுக்கே முதலிடம் தருவோம் என்று சில டீலர்கள் நேராகச் சொல்லிவிடுவார்கள். பிழைப்பு அவர்களுடையது என்பதால் அதில் நியாயமும் உண்டு, ஆனால் உங்கள் புல் காத்திருக்காது. நல்ல டீலர் இரண்டாம் தர இயந்திரத்தை விற்றாலும் வாங்கலாம், டீலரே இல்லாத ஊரில் முதல் தர இயந்திரத்தையும் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வாரண்டித் தாளை நிதானமாகப் படியுங்கள். வணிகத் தர வாரண்டிகளில் ஆண்டு வரம்போடு மணி வரம்பும் இருக்கும். உங்களுக்கு மணி வரம்பு ஒருபோதும் எட்டாது. வீட்டுத் தர இயந்திரத்தைப் பணத்துக்காகப் பிறர் வீட்டில் ஓட்டினால் அதன் வாரண்டி மிகவும் சுருங்கிவிடும், சில மாடல்களில் அறவே போய்விடும் என்பதையும் அந்தத் தாளில் காண்பீர்கள்.

பழைய வணிகத் தர இயந்திரம் வாங்கலாமா?

சில ஆயிரம் டாலருக்கு, ஓடிய மணி நேரத்தைக் குறிக்கும் மணிமானியில் 900, 1,200 என்று காட்டும் வணிகத் தர இயந்திரங்கள் விற்பனைக்கு வரும். ஆண்டுக்கு 25 மணி நேரம் ஓட்டுகிறவருக்கு இதில் நல்ல பேரம் அமையக்கூடும். ஆனால் சோதிக்கத் தெரிந்திருக்க வேண்டும். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, கனமான கையுறை அணிந்து பிளேடின் முனையைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். தளர்வு தெரிந்தால் ஸ்பிண்டில் பேரிங் போய்விட்டது. டெக்கில் ஸ்பிண்டில் பொருந்தும் இடத்தைச் சுற்றி விரிசலோ, பின்னாளில் பற்றவைத்த தடமோ இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள்.

ஹைட்ரோவைச் சோதிக்கக் குளிர்ந்த இயந்திரம் உதவாது. எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது தேய்ந்த பம்பும் நன்றாகவே இழுக்கும். அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு, வரம்புக்கு உட்பட்ட மிதமான ஒரு சரிவில் பின்னோக்கி ஏற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் தயங்கினாலோ, சீறும் ஒலி எழுந்தாலோ, சமதரையில் இரண்டு நெம்புகோலையும் ஒன்றாக முழுவதும் தள்ளியும் இயந்திரம் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போய், சரிசெய்யும் திருகுகளுக்கும் அது அடங்காவிட்டாலோ அதை விட்டுவிடுங்கள். ஒரு பக்க ஹைட்ரோவை மாற்றும் செலவே பேரத்தில் மிஞ்சிய லாபத்தை விழுங்கிவிடும். எஞ்சினுக்கோ இதற்கு நேர்மாறு: நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைக்காமல், குளிர்ந்த நிலையில் உங்கள் கண்முன்னே எஞ்சினைக் கிளப்பச் சொல்லுங்கள். கிளம்பும்போது நீலப் புகை நெடுநேரம் வந்தால் அது எண்ணெயை எரிக்கிறது.

வாங்கிய பின் வரும் செலவு

வணிகத் தர எஞ்சின் ஒரு மணி நேரத்துக்கு ஒரு கேலனுக்கு மேல் பெட்ரோல் குடிக்கும். உங்கள் மணிக்கணக்கில் அது பெரிய தொகை அன்று. பெட்ரோலின் வகைதான் முக்கியம். 15 சதவீத எத்தனால் கலந்து 88 என்ற எண்ணோடு விற்கப்படும் பெட்ரோலை இவ்வகை எஞ்சின்களில் ஊற்றுவது அமெரிக்கச் சட்டப்படியே தடை செய்யப்பட்டது. 10 சதவீதம் வரை ஏற்கும். குளிர்காலத்துக்கு நிறுத்தும்போது பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைஸர் கலந்து சில நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். குறைவாக ஓட்டுகிற வீட்டுக்காரரின் எஞ்சின் பெரும்பாலும் தேய்மானத்தால் கெடுவதில்லை. பழைய பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாகப் படிந்துதான் கெடுகிறது.

எஞ்சின் ஆயிலை 100 மணி நேரத்துக்கு அல்லது ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உங்களுக்கு ஆண்டுக் கணக்குதான் முதலில் வரும். புது இயந்திரத்துக்கு முதல் ஆயில் மாற்றத்தை எப்போது செய்வது என்று கையேடு தனியாகச் சொல்லும். பிளேடை 25 மணி நேரத்துக்கு ஒருமுறை தீட்டுங்கள். டயர்களின் காற்றழுத்தம் இரு பக்கமும் ஒன்றாக இல்லாவிட்டால் டெக் சாய்ந்து, புல் படிக்கட்டுபோல் ஏற்றத்தாழ்வாக வெட்டப்படும். டெக் கோணலாகிவிட்டது என்று கருதி டீலரிடம் கொண்டுபோகுமுன் ஓர் அழுத்தமானியால் சோதித்துப் பாருங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில்

புல் வெட்டும் நேரத்தில் சிறு குழந்தைகள் வீட்டுக்குள், பெரியவர் ஒருவரின் கண்காணிப்பில் இருக்க வேண்டும். மடியில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக்காட்டுவதை ஒருநாளும் செய்யாதீர்கள். ஒருமுறை ஏறிப் பழகிய குழந்தை, அடுத்த முறை சத்தம் கேட்டதும் பின்னாலிருந்து ஓடிவரும். பின்னோக்கி வரும் இயந்திரத்தில் நேரும் விபத்துகளில் பல இப்படித்தான் நேர்கின்றன. 16 வயது நிரம்பாதவர்கள் அமர்ந்து ஓட்டும் புல்வெட்டியை இயக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பா உற்சாகமாக "நான் ஓட்டுகிறேன்" என்றாலும், நெம்புகோல்களைத் திறந்த சமதரையில், பிளேடை இயக்காமல், நன்றாகப் பழகிய பின்பே அனுமதியுங்கள்.

கடைசிப் படி: உங்கள் தரையிலேயே ஓட்டிப் பாருங்கள்

மேற்கண்ட கணக்கெல்லாம் முடிந்து இரண்டு மாடல்கள் எஞ்சியிருக்கும்போது, செய்முறைக்கு வீட்டுக்கே கொண்டுவர முடியுமா என்று டீலரிடம் கேளுங்கள். 9,000 டாலர் விலையுள்ள பொருளுக்கு இப்படிக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை, பலர் சம்மதிப்பார்கள். கேட்டின் வழியே உள்ளே வருகிறதா, உங்கள் முற்றத்தின் மிகக் குறுகிய மூலையில் திரும்புகிறதா, அரை மணி நேரம் உட்கார்ந்த பின் முதுகு என்ன சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். முதுகுவலி உள்ளவருக்கும், தரை மேடுபள்ளமாக உள்ளவருக்கும், அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் இருக்கையோ ஃபெர்ரிஸ் இயந்திரங்களில் உள்ளதுபோல் சக்கரங்களுக்கே அமைந்த சஸ்பென்ஷனோ நியாயமான தேவைதான். மணிக்கணக்கு குறைவாக இருந்தும் ஒருவர் மேல்தரத்துக்குப் போக இதை நான் தயங்காமல் ஏற்றுக்கொள்வேன்.

அதோடு, ஆள் வைத்து வெட்டினால் என்ன ஆகும் என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒரு முறைக்கு 60 டாலர் என்று ஒருவர் சொன்னால், 30 முறைக்கு ஆண்டுக்கு 1,800 டாலர். 4,000 டாலர் இயந்திரம் மூன்று ஆண்டுக்குள் தன் விலையை மீட்டுத்தரும். 12,000 டாலர் இயந்திரம் தன் விலையை மீட்க, பராமரிப்பைச் சேர்க்காமலேயே, ஏறக்குறைய ஏழு ஆண்டு ஆகும். தவணைக்கு வட்டி இல்லை என்ற சலுகை இந்தக் கணக்கை மாற்றுவதில்லை. முடிவு செய்ய அவசரமும் இல்லை. வசந்தம் தொடங்கும்போது டீலர்களிடம் கூட்டமும் விலையும் ஏறியிருக்கும். முதல் பருவத்தை ஆள் வைத்து ஓட்டிவிட்டு, அந்த ஓராண்டில் எத்தனை முறை வெட்ட நேர்ந்தது, எந்த மூலையில் தண்ணீர் தேங்கியது, எந்தச் சரிவில் வெட்டுகிறவரே இயந்திரத்தை விட்டு இறங்கினார் என்று குறித்துக்கொண்டு, இலையுதிர் காலம் முடிந்து டீலர்கள் கையிருப்பைக் குறைக்க விரும்பும் மாதங்களில் அந்தக் குறிப்போடு போய்ப் பேசுங்கள்.